வட சென்னையில் குளிர்காலப் பொரி வல்லூறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமைகள் எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போய்விடும். கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் எதிர் சீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “இன்னா சார், கப்பல் பாக்கவா?” என்று ஆரம்பித்து, இறங்குவதற்குள் பத்து கேள்வி வந்துவிடும். தெருக்காரர்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர்கள் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எந்தப் பறவையைப் பார்க்கப் போகிறீர்கள்? பருந்தா, கழுகா?

இரண்டும் இல்லை, பொரி வல்லூறு. புறாக்காரர்களிடம் பைரி என்றால் சட்டென்று புரியும். ராஜாளி என்று சொல்பவர்களும் உண்டு. அரக்கோணத்துக் கடற்படை விமான தளத்தின் பெயர்கூட ராஜாளிதான். காக்கை அளவு, சில சமயம் அதைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. நீண்டு கூர்ந்த சிறகு. கன்னத்தில் தொங்கு மீசை மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. பெண், ஆணைவிட நன்றாகவே பெரிது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேடைப் பேச்சில் “வல்லூறுகள் வட்டமிடுகின்றன” என்றால், எவனாவது விழமாட்டானா என்று பிணத்துக்குக் காத்திருக்கிற கூட்டம் என்று அர்த்தம். அது பிணந்தின்னிக் கழுகின் வேலை. பொரி வல்லூறு பறக்கிற பறவையைப் பறக்கும்போதே அடித்துத் தின்கிற ஜாதி. குளிர்காலத்தில் கூட்டமும் சேராது, தனியாகத்தான் இருக்கும். யாருடைய கெட்ட பெயரையோ இது சுமக்கிறது.

அவ்வளவு அபூர்வமா?

உலகக் கணக்கில் இல்லை. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. ஆனால் வட சென்னையில் ஒரு குளிர்காலம் முழுக்க விடாமல் போனாலும் நான் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உள்ளான் என்கிற கரையோரச் சிறு பறவைகள் ஆயிரம் மேய்கிற சேற்றுவெளிக்கு வேட்டைக்காரர் ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். அதற்கு மேல் அங்கே இடம் கிடையாது.

எங்கிருந்து வருகிறது? எப்போது திரும்பிப் போகும்?

நம் பக்கம் பார்க்கக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, சைபீரியாவின் வடகோடியில், மரமே வளராத பனிச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே உறைபனி தொடங்கும்போது தெற்கே கிளம்புவது. நேர்கோடு போட்டு அளந்தாலே 6,000 கிலோமீட்டருக்குக் குறையாது. இது அக்டோபரில் வந்து சேரத் தொடங்கும், மார்ச், ஏப்ரலில் போய்விடும். வெளிறிய நெஞ்சு, மெலிந்த மீசை. இன்னொன்று சாகீன். இந்தியாவிலேயே மலைப்பாறைகளில் கூடு கட்டி வாழ்வது. முகமும் முதுகும் நல்ல கறுப்பு, வயிறு துரு நிறம். எண்ணூர்ச் சேற்றில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை முதல் வகை.

மழை விட்ட பிறகு, அதாவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய, போவதுதான் நல்லது. மார்கழி, தை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முழு வீச்சில் இருக்கும்போது போய் நானும் நனைந்திருக்கிறேன், பைனாகுலரும் நனைந்திருக்கிறது, வேறு லாபமில்லை.

இந்தப் புகைக்கும் சாம்பலுக்கும் நடுவில் போய் ஏன் உட்காருகிறது? ஊரில் வேறு இடமே இல்லையா?

நியாயமான கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் எண்ணூர்க்காரர்களாகவே இருப்பார்கள்.

வல்லூறுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. உயரமான ஒரு உட்காருமிடம், அதிலிருந்து பார்த்தால் ஒளிய இடமில்லாத வெட்டவெளியில் நிறையப் பறவை. அதன் சொந்த ஊரில் பாறை முகட்டில் உட்காரும். நம்மிடம் பாறை ஏது? உயர் அழுத்த மின்கம்பி போகிற டவர் இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது, துறைமுகத்துப் பக்கம் கிரேன் இருக்கிறது. அத்திப்பட்டிலிருந்து கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி வரிசை கட்டி நிற்கும் டவர்கள் நம் கண்ணுக்கு அசிங்கம். அதன் கண்ணுக்கு மலைத்தொடர்.

கீழே சாப்பாடு. கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடம், அதன் வடக்கே பழவேற்காடு வரை போகும் பக்கிங்காம் கால்வாய், இரண்டு பக்கமும் அலையாத்திப் புதர், சேறு, கைவிட்ட உப்பளம். தண்ணீர் வற்ற வற்ற, சேற்றுக்குள் இருக்கும் புழுவுக்கும் சிறு நண்டுக்கும் ஊர்ப்பட்ட பறவை வந்து இறங்கும். உள்ளங்கையில் அடங்குகிற கொசு உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, நெடுங்கால் உள்ளான், ஆலா. இவற்றில் பாதிக்கு மேல் வல்லூறு கிளம்பிய அதே வடதிசையிலிருந்து வந்தவை. சாப்பாட்டு மூட்டை முன்னால் வர, சாப்பிடுகிறவர் பின்னாலேயே வருகிறார்.

இதையெல்லாம் சொல்வதால் எண்ணூர் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

எந்த இடத்தில் போய் நிற்பது?

முதலில் ரயிலிலிருந்தே ஆரம்பியுங்கள். எண்ணூர் ஸ்டேஷனை விட்டதும் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறி அத்திப்பட்டுப் புதுநகர் போகும். அந்தச் சில நிமிடம் கதவோரம் (உள்ளே நின்றுதான்) டவர்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். டவரின் குறுக்குக் கையில், தண்டோடு ஒட்டினாற்போல, பம்பரத்தைத் தலைகீழாக வைக்காமல் நேராகக் குத்தி வைத்தது மாதிரி ஒன்று தெரிந்தால், அதாவது மேலே அகலம் கீழே கூம்பு என்று தெரிந்தால், இறங்கிப் போய்ப் பார்க்கலாம். பருந்தும் அதே டவரில் உட்காரும். ஆனால் அது தொளதொளவென்று, வால் நீண்டு, மழையில் நனைந்த துணி மாதிரி உட்காரும்.

புதுநகரில் இறங்கினால் ஆற்றையொட்டிய கரைகளில் பொதுவழி எதுவோ அதில் நடக்கலாம். எண்ணூர்ப் பக்கம் என்றால் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் வழியாக முகத்துவாரம். மீனவர் குப்பங்கள் இவை. அவர்கள் வலை உலர்த்துகிற இடத்தில் நாம் மிதித்துக்கொண்டு நடக்கக் கூடாது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். கேட்டால் நல்ல இடம் எது என்று அவர்களே சொல்வார்கள், டீயும் கிடைக்கும்.

ஒரு முழு நாள் கையில் இருந்தால் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடித்துப் பழவேற்காடு. அங்கே பூநாரையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பதால் வீட்டில் அனுமதி வாங்குவது சுலபம். புழல் ஏரிக்கரையும் உண்டு. ஆனால் அங்கே சேற்றுவெளி குறைவு, வேட்டையைப் பார்ப்பது கடினம். அலைகிறதைவிட ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நிற்பதையே நான் சொல்வேன்.

எத்தனை மணிக்கு?

விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு நாலு மணியிலிருந்து இருட்டும் வரை. தை மாதத்தில் இங்கே சூரியன் எழவே ஆறரை ஆகிவிடும், அதனால் நடுராத்திரியில் எழவேண்டியதில்லை. நடுப்பகலில் டவரில் உட்கார்ந்து தூங்கி வழியும். ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்ளும். ஆற்றில் நீர் ஏறும் நேரமா வற்றும் நேரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறும்போது உள்ளான்கள் எல்லாம் மிச்சமிருக்கிற திட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வேட்டைக்கு அதுதான் சரியான நேரம்.

அவ்வளவு வேகமாகப் போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை.

வானத்தைப் பார்த்ததுதான் தப்பு. முதல் இரண்டு குளிர்காலம் நானும் அப்படித்தான் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்தேன். மாற்றிவிட்டவர் தண்டையார்பேட்டையில் புறா வளர்க்கும் ஒரு பெரியவர். அவர் மாடியில் நின்று நான் மேலே துழாவிக்கொண்டிருந்தபோது, “நீ இன்னா தம்பி மேலயே பாத்துனு கீற? புறாவப் பாரு. அதுங்க சொல்லும்” என்றார். அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டன. மாடிக்கு மேலே சோம்பலாக வட்டமடித்துக்கொண்டிருந்த புறாக்கள் திடீரென்று ஒரே கட்டியாகச் சேர்ந்து ஒரு பக்கமாக அழுந்தின. அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு போய்க்கொண்டிருந்தது.

சேற்றுவெளியிலும் அதே பாடம்தான். வல்லூறைத் தேடாதீர்கள், அதற்குப் பயப்படுகிறவர்களைப் பாருங்கள். ஆனால் பயத்திலும் தரம் இருக்கிறது. சேற்றுப் பூனைப்பருந்து புல்லுக்கு மேல் தாழ்ந்து ஆடி ஆடி வந்தால், அதற்கு நேர் கீழே இருப்பவை மட்டும் எழும்பி, அது கடந்ததும் உட்கார்ந்துவிடும். கரும்பருந்து வந்தால் தலையைக்கூடத் தூக்காது. வல்லூறு என்றால் சேறு முழுக்க ஒரே நேரத்தில் காலி. எழுந்தவை ஐந்து நிமிடம் ஆனாலும் இறங்காது.

சில வருடங்களுக்கு முன் தை மாதத்தில் ஒரு காலை. நீர் ஏறிக்கொண்டிருந்தது. அலையாத்தி ஓரமாக இடுப்பளவு தண்ணீரில் ஒரு அம்மா ஓலைப் பறியை (பிடித்ததைப் போடும் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நாற்பது ஐம்பது அடியில் நெடுங்கால் உள்ளான்கள் கத்திக்கொண்டே மேய்ந்தன. திடீரென்று கத்தல் நின்றது. அந்த நிசப்தம்தான் எனக்கு முதலில் உறைத்தது. அடுத்த நொடி எல்லாம் மேலே. கொசு உள்ளான் கூட்டம் வீச்சு வலையை விசிறினாற்போல விரிந்து, சுருங்கி, வெள்ளையாக மின்னி, கறுப்பாகத் திரும்பியது. வல்லூறு மேலிருந்து வரவில்லை. தண்ணீருக்கு ஒரு ஆள் உயரத்தில், டவர்களின் பக்கமிருந்து, வேக வேகமாகச் சிறகடித்துக்கொண்டு வந்தது. கூட்டத்துக்குள் புகுந்து வெறுங்காலோடு வெளியே வந்தது. மேலே ஏறியது. கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து ஆற்றுக்குக் குறுக்கே தனியாக ஓடியது. பிரிந்திருக்கக் கூடாது. சிறகை மடக்கிக்கொண்டு வல்லூறு இறங்கியதைப் பைனாகுலரால் தொடர முடியவில்லை. கண்ணாடிக்குள் திரும்ப வந்தபோது காற்றில் கொஞ்சம் இறகு மிதந்துகொண்டிருந்தது, டவரை நோக்கி அது கனமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் “பாத்தீங்களாம்மா?” என்று கத்திவிட்டேன். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “அதுவா? தெனைக்கும் வருதே” என்றார் அவர். இரண்டு வருஷக் கழுத்து வலியை நினைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்து சாப்பிடும் டவர் எது என்று எப்படித் தெரியும்?

டவரின் அடியைப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போதும், வேலிக்குள் போகவேண்டாம். சாப்பிடுவதற்கு முன் இறகைப் பிய்த்துப் போட்டுவிடும். மார்புக் கறியைத் தின்றுவிட்டு, இரண்டு சிறகும் தோள் எலும்போடு சேர்ந்தபடியே கீழே விட்டுவிடும். நான் ஒருமுறை எடுத்துப் பார்த்த ஜோடிச் சிறகு பவளக்காலியுடையது. பழுப்புச் சிறகின் பின் விளிம்பில் அகலமாக வெள்ளை. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கால். மார்பெலும்பின் ஓரத்தில் முக்கோணமாகக் கடித்த தடம்கூட இருந்தது. அதன் மேல் அலகில் பல் மாதிரி ஒரு முனை உண்டு. இரையின் கழுத்தைக் கடித்து முறிப்பது அதனால்தான். அந்தச் சிறகை வீட்டுக்கு எடுத்து வரவில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டம்மா இன்னொரு பக்கம்.

பறக்கும்போது பருந்திலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வது?

வாலில் பிளவு இருந்தால் கரும்பருந்து. தலையும் நெஞ்சும் வெள்ளை, மீதி செங்கல் நிறம் என்றால் செம்பருந்து, கோயில் கருடன். தெருவில், மாமரத்தில், மாடிச் சுவரில் காணும் சின்னது பெரும்பாலும் வைரி: சிறகு குட்டையாக உருண்டிருக்கும், வால் நீளம், நாலு தடவை சிறகடித்து ஒரு வழுக்கு வழுக்கும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கிற செம்பழுப்புப் பறவை இன்னொரு வல்லூறு, அதுவும் குளிர்கால விருந்தாளிதான், ஆனால் நம் ஆள் இல்லை. பொரி வல்லூறு மேலே போகும்போது நங்கூரம் மாதிரி இருக்கும். உடம்பு கட்டை, வால் அளவானது, சிறகு நுனி கூர்மை.

நெஞ்சைப் பார்க்க முடிந்தால் வயதும் சொல்லலாம். கோடுகள் மேலிருந்து கீழாக ஓடினால், முதுகும் பழுப்பாக இருந்தால், அந்த வருடம் பிறந்த குஞ்சு. குறுக்குக் கோடும் நீலச் சாம்பல் முதுகும் என்றால் பெரியது.

மணிக்கு 300 கிலோமீட்டர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் மேலிருந்து விழும்போது மட்டும். பாய்ச்சலில் 320 கிலோமீட்டரைத் தாண்டும். அமெரிக்காவில் பழக்கி வளர்த்த ஒரு பெண் வல்லூறை விமானத்திலிருந்து குதிக்கவிட்டு அளந்தபோது 389 வந்தது. பெரம்பூர் ஐசிஎப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் செய்த வந்தே பாரத் ரயில் 2018 சோதனை ஓட்டத்தில் எட்டியது 180. நேர்மட்டத்தில் பறக்கும்போது வல்லூறு அவ்வளவெல்லாம் போகாது. நல்ல பந்தயப் புறா அதற்குச் சமமாக ஓடும், பல சமயம் தப்பியும் விடும். பாய்ந்தவற்றில் பெரும்பாலானவை வீண்தான். நான் பார்த்த பாய்ச்சல்களில் முக்கால்வாசி வெறுங்கால்.

என் புறாவைத் தூக்கிப் போகிறது. உங்களுக்கு வேடிக்கை, எனக்கு நஷ்டம். என்ன செய்ய?

இந்தக் கேள்வி வியாசர்பாடியிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் தவறாமல் வரும். கோபத்தோடு வரும். கோபத்தில் நியாயம் இருக்கிறது. குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்த ஒரு கர்ணப் புறா என்ன விலை, அதற்கு எத்தனை மாதப் பழக்கம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கர்ணம் அடித்து உருளும் புறாவைப் பைரி குறிவைக்கும் என்பது புறாக்காரர்கள் அனுபவத்தில் சொல்வது. தடுமாறுகிற பறவை என்று அதற்குத் தோன்றலாம்.

தண்டையார்பேட்டைப் பெரியவர் செய்வதைச் சொல்கிறேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவர் கர்ணப் புறாவை உயரம் ஏற்றுவதில்லை. தினமும் ஒரே நேரத்துக்குத் திறந்துவிடுவதில்லை. ஒருநாள் காலை, ஒருநாள் பகல், ஒருநாள் விடுவதே இல்லை. பைரி ஒரு தடவை எடுத்துவிட்டால் நாலு நாள் கூண்டைத் திறக்கமாட்டார். அது சும்மா வந்து பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடும் என்பார். பந்தயத்துக்குப் பழக்குவதைக் கோடைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். அப்படியும் வருடத்துக்கு ஒன்றிரண்டு போகும். “அது சைபீரியாவுலேர்ந்து வருதுன்ற. என் மாடிக்கு வழி தெரிஞ்சி வருதுன்னா பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் என்னிடம் பேசமாட்டார்.

கண்ணி வைப்பது, விஷம் தடவிய புறாவை விடுவது, கவணில் அடிப்பது எதுவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை இது. புலிக்கும் அதே அட்டவணைதான். வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

பைனாகுலர் கட்டாயமா?

வேண்டும். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடியுள்ளது போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முக்காலியில் வைக்கும் ஸ்கோப் இருந்தால் டவரில் உட்கார்ந்திருப்பதன் மீசை வரை தெரியும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு லோக்கலில் கூட்டத்தில் ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

படம் எடுக்கலாமா?

பறவையை எடுக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். துறைமுகம், மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு என்று பல இடம் தடைசெய்யப்பட்டவை. ஒரு தடவை ஒரு மதில் ஓரமாக நின்று நீள லென்ஸை மேலே நீட்டியிருந்தேன். பாதுகாவலர் வந்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். கேமராவில் இருந்த ஐந்து படத்திலும் வானமும் கம்பியும் மட்டும் இருந்ததைப் பார்த்து, கடைசியில் அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பொதுச்சாலை, ஆற்றங்கரை தவிர வேறெங்கும் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதில்லை. ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம். கழிப்பறை கிடையாது, நிழல் கிடையாது, சேறு முழங்கால் வரை இழுக்கும் இடம் உண்டு, கன்டெய்னர் லாரி போகிற சாலை. தண்ணீர், தொப்பி, பழைய செருப்பு. பத்து வயதுக்கு மேல் என்றால் பழவேற்காட்டில் ஆரம்பிப்பது உத்தமம்.

இங்கேயே கூடு கட்டுமா?

சைபீரியாவிலிருந்து வருவது கட்டாது. இங்கே அது சாப்பிட, தூங்க, அடுத்த பயணத்துக்கு உடம்பைத் தேற்ற வந்திருக்கிறது. ஆனால் பிடித்துப்போன இடத்துக்கு அடுத்த வருடமும் வருகிற பழக்கம் இவற்றுக்கு உண்டு. ஒரே டவரில், ஒரே குறுக்குக் கையில், மூன்று குளிர்காலமாக ஒன்று உட்காருகிறது. கால் வளையம் ஏதும் இல்லாததால் அதே பறவைதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மனதுக்குள் அதே பறவைதான்.

எண்ணூரின் மாசு அதைப் பாதிக்காதா?

இந்தப் பறவையின் கதையே ஒரு விஷத்தின் கதைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயலில் கொட்டிய டிடிடி என்ற பூச்சிமருந்து, பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து வல்லூறுக்கும் ஏறி, ஒவ்வொரு படியிலும் அடர்ந்துகொண்டே போனது. கடைசிப் படியில் இருந்த வல்லூறின் முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1960களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டுகிற வல்லூறே இல்லாமல் போனது. 1972இல் அங்கே டிடிடியைத் தடைசெய்து, கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டு, மெல்ல மெல்ல மீட்டார்கள். 1999இல்தான் அழியும் நிலையிலுள்ளவை பட்டியலிலிருந்து அதை எடுத்தார்கள்.

எண்ணூருக்கு வருவோம். அனல் மின் நிலையச் சாம்பல் குழம்பு ஆற்றில் படிந்து, ஆழமாக இருந்த இடமெல்லாம் மேடாகிவிட்டது என்று இங்கே எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. கூழைக்கடாக்கள் வெள்ளை போய்த் தார் பூசியதுபோல நின்றன. அலையாத்தியின் தண்டில் எண்ணெய் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. சேற்றுப் புழுவுக்குள் போவது உள்ளானுக்குள் போகும், உள்ளானுக்குள் போவது டவர் உச்சிக்குப் போகும், குப்பத்துக் குழம்புச் சட்டிக்கும் போகும். அந்தக் குளிர்காலம் முழுக்க வல்லூறைவிட எனக்கு அந்தப் பறி கடித்த அம்மாவின் ஞாபகம்தான் அதிகம் வந்தது. எண்ணெய் பரவிய இடத்தில் இடுப்பளவு இறங்கித்தானே அவருக்கு வேலை.

அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வது?

வட சென்னையில் அடிபடும் பறவை என்றால் முதல் சந்தேகம் மாஞ்சா நூல். தடை இருந்தும் பட்டம் விடுகிறார்கள். அறுந்த நூல் கம்பியிலும் மரத்திலும் மாதக்கணக்கில் தொங்கும். ஒரு துண்டைப் பறவையின் மேல் முழுக்கப் போர்த்துங்கள், கண் மறைந்தால் அடங்கிவிடும். காலை ஜாக்கிரதையாகப் பிடியுங்கள், அலகைவிட நகம்தான் கிழிக்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

வல்லூறு வராவிட்டால் வேறு என்ன பார்க்கலாம்?

விரால் அடிப்பான். பெயரிலேயே தொழில் இருக்கிறது. ஆற்றுக்கு மேல் நின்று பார்த்து, காலை முன்னால் நீட்டித் தண்ணீருக்குள் விழுந்து, மடவையையோ வேறெதையோ தூக்கிக்கொண்டு எழும். எழுந்ததும் நாய் மாதிரி உடம்பை உதறும். மீனின் தலையைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். வல்லூறைவிட அடிக்கடி கிடைக்கும், பொறுமையாகக் காட்சி கொடுக்கும். புதிதாக வருகிறவர்களை நான் இதைக் காட்டித்தான் சமாதானப்படுத்துவேன்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது?

பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்கிற இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் போடலாம். தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததையெல்லாம் பட்டியலிட்டால் போதும். வல்லூறு வராத கால் மணியும் கணக்கில் சேரும். கரும்பு கடித்துக்கொண்டே செய்கிற வேலை அது.

இந்தக் குளிர்காலத்தில் பார்த்தாயிற்றா?

போன ஞாயிறு, ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது எதிர் சீட்டில் இருந்த பையன் ஒருவன், “சார், அந்த டவர்ல ஒண்ணு உக்காந்துனு கீது, அதுவா?” என்று காட்டினான். மேலே அகலம், கீழே கூம்பு. பைனாகுலரைத் தூக்கி ஃபோகஸ் செய்வதற்குள் பாலம் முடிந்துவிட்டது. புதுநகரில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் திரும்ப நடந்தேன். டவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.